கா. ந. அண்ணாதுரை

காஞ்சிபுரம் நடராஜன் அண்ணாதுரை (செப்டம்பர் 15, 1909 - பெப்ரவரி 3, 1969) தமிழக அரசியல் தலைவரும் எழுத்தாளரும் நாடக ஆசிரியரும் சொற்பொழிவாளரும் ஆவார். அறிஞர் அண்ணா, பேரறிஞர் அண்ணா என்னும் பெயர்களால் பரவலாக அறியப்படுகிறார். திராவிட முன்னேற்றக் கழகத்தை 1949 ஆம் ஆண்டு தோற்றுவித்த இவர், 1967 மார்ச் முதல் தமது மறைவு வரை முதலமைச்சராகப் பணியாற்றினார். சென்னை மாநிலத்தின் கடைசி முதலமைச்சரும், தமிழ்நாடு எனப் பெயர் மாறிய பின் அதன் முதல் முதலமைச்சரும் இவரே.

இவரது ஆட்சிக் காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவானது. அக்குறுகிய காலத்தில் நிறைவேறிய சட்டங்களுள் ஒன்று, புரோகிதரும் சமயச் சடங்கும் இன்றி நடைபெற்ற சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கிய இந்து திருமணத் திருத்தச் சட்டம் ஆகும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடைபெற்றுவந்தும் நீதிமன்றங்களால் ஏற்கப்படாதிருந்த இத்திருமணங்கள், இச்சட்டத்தின் மூலம் நடைபெற்ற நாள் முதலே செல்லுபடியாயின.

இளமையும் கல்வியும்

அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழில் சார்ந்த எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் நடராசன், பங்காரு அம்மாள் ஆவர். சிற்றன்னை இராசாமணி அம்மாளே இவரை வளர்த்தார். காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் கல்வி பயின்றார். குடும்பத்தின் பொருளாதார நிலை காரணமாக இடையில் சிறிது காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார்.

பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே 1930 ஆம் ஆண்டு இராணி அம்மையாரை மணந்துகொண்டார். 1934 ஆம் ஆண்டு இளங்கலைச் சிறப்புப் படிப்பை முடித்து, பின்னர் முதுகலைப் பட்டமும் பெற்றார். பொருளியலும் அரசியலும் இவர் பயின்ற பாடங்களாகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் சரளமாக உரையாற்றும் திறனைக் கல்லூரிக் காலத்திலேயே பெற்றிருந்தார். இவருக்குக் குழந்தைகள் இல்லை; தமக்கையின் பேரப்பிள்ளைகளை வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்.

சுயமரியாதை இயக்கமும் திருமணமும்

அண்ணாதுரை பொதுவாழ்வில் நுழைந்தபோது, ஈ. வெ. இராமசாமி (பெரியார்) 1925 ஆம் ஆண்டு தொடங்கிய சுயமரியாதை இயக்கம் தமிழகத்தில் வேரூன்றியிருந்தது. சாதி ஏற்றத்தாழ்வு, மூடநம்பிக்கை, பெண்ணடிமை ஆகியவற்றை இவ்வியக்கம் எதிர்த்தது. இம்மூன்றும் ஒன்றுசேரும் இடமாகத் திருமணச் சடங்கை இயக்கத்தினர் கருதினர். மணமக்களுக்குப் புரியாத மொழியில் மந்திரம் ஓதப்படுவதும், சடங்கை நடத்தும் தகுதி பிறப்பால் ஒரு சாதியினருக்கு மட்டும் உரியதாக இருப்பதும், பெண் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தானமாக வழங்கப்படுவதும் இவர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின.

இதற்கு மாற்றாக உருவானதே சுயமரியாதைத் திருமணம் ஆகும். சீர்திருத்தத் திருமணம் என்றும் இது அழைக்கப்படுகிறது. இம்முறையில் புரோகிதரோ வேள்வித் தீயோ இல்லை. உறவினரும் நண்பரும் கூடியிருக்க, அழைக்கப்பட்ட தலைவர் ஒருவர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக உறுதி கூறுவர், மாலை மாற்றிக்கொள்வர். அதன்பின் வாழ்த்துரைகள் நடைபெறும். நல்ல நேரம் பார்க்கும் வழக்கத்தை மறுக்கும் பொருட்டு, இராகு காலத்திலேயே வேண்டுமென்று திருமணம் நடத்தியவர்களும் உண்டு.

இயக்கத்தின் முதல் சுயமரியாதைத் திருமணம் 1928 ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்னும் ஊரில் பெரியார் தலைமையில் நடைபெற்றதாகக் குறிப்பிடப்படுகிறது. 1929 பெப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களின் சொத்துரிமை, திருமண உரிமை ஆகியவை குறித்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. அதே ஆண்டில் நடைபெற்ற குத்தூசி குருசாமி - குஞ்சிதம் திருமணம் சாதி மறுப்புச் சுயமரியாதைத் திருமணங்களுள் பரவலாக அறியப்பட்ட ஒன்றாகும். கைம்பெண் மறுமணங்களும் சாதி மறுப்புத் திருமணங்களும் இம்முறையில் மிகுதியாக நடைபெற்றன.

பெரியாருடன்

1930களின் நடுவில் அண்ணாதுரை பெரியாரைச் சந்தித்து அவரது இயக்கத்தில் இணைந்தார். நீதிக்கட்சியிலும் பணியாற்றினார். விடுதலை, குடி அரசு ஆகிய இதழ்களின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார். 1938 ஆம் ஆண்டு நடைபெற்ற இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். 1942 ஆம் ஆண்டு திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார். 1944 ஆம் ஆண்டு சேலத்தில் நடைபெற்ற மாநாட்டில் இவர் பெயரால் அமைந்த தீர்மானத்தின்படி, நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இக்காலத்தில் இயக்கத்தினர் இல்லத் திருமணங்கள் பலவற்றுக்கு அண்ணாதுரை தலைமை தாங்கினார். திருமண மேடை கொள்கை விளக்க மேடையாகவும் அமைந்தது. பொதுக்கூட்டங்களுக்கு வரத் தயங்கிய பெண்களும் முதியோரும் திருமணத்துக்கு வந்ததால், இயக்கத்தின் கருத்துகள் வீடுகளுக்குள் சென்றடைய இத்திருமணங்கள் வழியாயின.

எழுத்தும் நாடகமும்

அண்ணாதுரை சிறுகதை, புதினம், கட்டுரை, நாடகம் எனப் பல வடிவங்களில் எழுதினார். சந்திரோதயம், சிவாஜி கண்ட இந்து இராஜ்யம், வேலைக்காரி, ஓர் இரவு ஆகியவை இவருடைய நாடகங்களுள் சில. நல்லதம்பி (1949), வேலைக்காரி (1949), ஓர் இரவு (1951) ஆகிய திரைப்படங்கள் இவரது எழுத்தில் உருவானவை. வேலைக்காரி கதையில் செல்வர் வீட்டு மகன் அவ்வீட்டின் பணிப்பெண்ணை விரும்பி மணக்கிறான். சாதியையும் செல்வத்தையும் கடந்த திருமணம் இவரது படைப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் கருப்பொருளாகும்.

சுயமரியாதைத் திருமணங்களின் சட்டச் சிக்கல்

இத்திருமணங்கள் சமூகத்தில் பரவியபோதிலும் சட்டத்தின் பார்வையில் இவற்றின் நிலை உறுதியற்றதாகவே இருந்தது. அன்றைய இந்து சட்டப்படி ஒரு திருமணம் செல்ல வேண்டுமெனில், அது சாத்திரங்கள் கூறும் சடங்குகளுடன் நடைபெற்றிருக்க வேண்டும். அல்லது அச்சமூகத்தின் நெடுங்கால வழக்காற்றின்படி நடைபெற்றிருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணம் சடங்குகளை மறுத்தது. வழக்காறு எனக் கொள்வதற்கு அதற்குத் தொன்மையும் இல்லை. பழைய வழக்கத்திலிருந்து விலகுவதே அதன் நோக்கம் என்பதால், வழக்காறு என்னும் வாயில் அதற்கு அடைபட்டிருந்தது.

1950களின் முற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்றில், சுயமரியாதை முறையில் நடைபெற்ற திருமணம் இந்து சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இத்தீர்ப்பு அவ்வழக்கின் தரப்பினரை மட்டுமன்றி, அதே முறையில் மணந்துகொண்ட அனைவரையும் பாதித்தது.

1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இந்நிலையை மாற்றவில்லை. அச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு, மணமக்களுள் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளின்படி திருமணம் நடத்தப்படலாம் என்று கூறுகிறது. தீயின் முன் மணமக்கள் சேர்ந்து ஏழு அடி எடுத்துவைக்கும் சப்தபதி அவ்வழக்காற்றில் அடங்கியிருந்தால், ஏழாவது அடியில் திருமணம் முழுமை பெறும். ஆகவே வழக்காற்றுச் சடங்கு ஏதுமற்ற திருமணத்துக்கு இப்பிரிவில் இடமில்லை.

இதன் விளைவுகள் அன்றாட வாழ்வில் கடுமையாக இருந்தன. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கணவனின் சொத்தில் கைம்பெண்ணுக்கு முதல் நிலை வாரிசு உரிமை வழங்கியது. ஆனால் திருமணமே செல்லாதெனில் அவர் சட்டப்படி மனைவி ஆகமாட்டார். கணவன் இறந்தபின் பங்காளிகள் வழக்குத் தொடுத்தால், பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி உரிமையற்றவராகவும், குழந்தைகள் முறைப்படி பிறவாதவராகவும் ஆகும் அபாயம் இருந்தது. கணவன் கைவிட்டு வேறொரு பெண்ணை மணந்தாலும் இருதார மணக் குற்றத்தை மெய்ப்பிப்பது கடினமாயிற்று. உரிய சடங்குகளுடன் நடைபெறாத திருமணத்தைக் கொண்டு இருதார மணக் குற்றம் சாட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1965 ஆம் ஆண்டு மகாராட்டிர மாநில வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. பெண்ணின் சமநிலையை வலியுறுத்தி உருவான திருமண முறை, சட்ட ஏற்பு இல்லாததால் பெண்ணுக்கே மிகுந்த இழப்பை விளைவிக்கக்கூடியதாக இருந்தது.

சிறப்புத் திருமணச் சட்டம்

சமயச் சடங்கின்றி மணந்துகொள்ள வேறொரு வழியும் இருந்தது. 1872 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் பதிவாளர் முன்னிலையில் நடைபெறும் திருமணத்தை அனுமதித்தது. ஆயினும் மணமக்கள் தாம் இந்து, கிறித்தவ, இசுலாமிய முதலிய சமயங்களுள் எதையும் பின்பற்றுவோர் அல்லர் என அறிவிக்க வேண்டியிருந்தது. 1923 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தவருக்கு இவ்வறிவிப்பிலிருந்து விலக்கு அளித்தது. எனினும் அவ்வாறு மணப்பவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகவே கருதப்பட்டார்.

1954 ஆம் ஆண்டின் புதிய சிறப்புத் திருமணச் சட்டம் எச்சமயத்தவரும் தம் சமயத்தை மறுக்காமலேயே மணக்க இடமளித்தது. ஆனால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிவு, வாரிசுரிமைக்கு வேறு சட்டம் ஆகிய விளைவுகள் தொடர்ந்தன. இவ்விரு விளைவுகளும், மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருக்கும் நேர்வில் 1976 ஆம் ஆண்டு நீக்கப்பட்டன. மேலும் திருமணத்துக்கு முப்பது நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். பெற்றோரின் எதிர்ப்பை மீறிச் சாதி மறுத்து மணப்போருக்கு இந்த அறிவிப்பே இடையூறாக இருந்தது. ஏற்கெனவே சுயமரியாதை முறையில் மணந்து குழந்தைகளுடன் வாழ்ந்தவர்களுள் பலர், தம் திருமணத்தைச் செல்லாததெனத் தாமே ஒப்புக்கொள்வது போலாகும் எனக் கருதி மீண்டும் பதிவு செய்ய விரும்பவில்லை.

பெரியார் மணியம்மையாரை 1949 சூலை 9 அன்று மணந்தபோது, தமக்குச் சட்டப்படியான வாரிசு தேவை என்ற காரணத்தால் அத்திருமணம் பதிவு செய்யப்பட்டது. சட்ட உறுதி வேண்டுவோர் பதிவையே நாட வேண்டியிருந்த நிலைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

திராவிட முன்னேற்றக் கழகம்

பெரியாரின் இத்திருமணம் திராவிடர் கழகத்தில் பிளவுக்கு உடனடிக் காரணமாயிற்று. முன்னரே, 1947 ஆகஸ்ட் 15 ஆம் நாளைத் துக்க நாளாகக் கொள்ள வேண்டுமெனப் பெரியார் கூறியதை அண்ணாதுரை ஏற்கவில்லை. தேர்தலில் பங்கேற்பது குறித்தும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 1949 செப்டம்பர் 17 அன்று அண்ணாதுரையும் அவருடைய ஆதரவாளர்களும் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினர். கட்சியின் தலைவர் இருக்கை பெரியாருக்காகக் காலியாக விடப்பட்டது; அண்ணாதுரை பொதுச் செயலாளராகவே இருந்தார்.

கடவுள் குறித்த நிலைப்பாட்டிலும் இருவரும் வேறுபட்டனர். பெரியார் கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பரப்பினார். அண்ணாதுரையோ மனித குலம் ஒன்று, கடவுளும் ஒருவரே என்னும் கொள்கையைத் தம் கட்சியின் கொள்கையாக முன்வைத்தார். ஆயினும் சுயமரியாதைத் திருமண முறையைப் புதிய கட்சி கைவிடவில்லை. கட்சித் தொண்டர்களின் இல்லத் திருமணங்கள் பெரும்பாலும் அம்முறையிலேயே தொடர்ந்தன. கடவுள் நம்பிக்கை உடையவர்களும் புரோகிதரின்றி மணக்க முன்வந்ததால் அதன் பரப்பு மேலும் விரிந்தது.

1957 ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாதுரை காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது கட்சி 15 இடங்களில் வென்றது. 1962 ஆம் ஆண்டு கட்சியின் இடங்கள் 50 ஆக உயர்ந்தன; ஆனால் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். அதே ஆண்டு மாநிலங்களவை உறுப்பினரானார். 1963 ஆம் ஆண்டு கட்சி திராவிட நாடு பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

முதலமைச்சர்

1967 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் பெரும்பான்மை பெற்றது. அத்தேர்தலில் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்த அண்ணாதுரை, அப்பதவியிலிருந்து விலகிச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். பதவியேற்கும் முன் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். அத்தேர்தலில் பெரியார் காங்கிரசை ஆதரித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பதினேழு ஆண்டுகளுக்கும் மேலான பிரிவு இச்சந்திப்புடன் முடிவுக்கு வந்தது. தமது அரசு பெரியாருக்குக் காணிக்கை என அண்ணாதுரை சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சுயமரியாதைத் திருமணச் சட்டம்

இந்து திருமணச் சட்டம் நடுவண் அரசின் சட்டம் ஆகும். எனினும் திருமணமும் மணமுறிவும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இடம்பெறுவதால் மாநிலச் சட்டமன்றமும் அவை குறித்துச் சட்டம் இயற்றலாம். மாநிலச் சட்டம் நடுவண் சட்டத்தோடு முரண்படுமாயின், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே அம்மாநிலத்தில் அது செல்லும். அண்ணாதுரையின் அரசு இவ்வழியைத் தேர்ந்தெடுத்தது. தனிச் சட்டம் ஒன்றை இயற்றாமல், இந்து திருமணச் சட்டத்திலேயே 7-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது.

இத்திருத்தம் 1967 நவம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968 சனவரி 17 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, சனவரி 20 அன்று அரசிதழில் வெளியிடப்பட்டது. இது 1967 ஆம் ஆண்டின் 21 ஆம் எண் சட்டமாகும்.

7-ஏ பிரிவின் கூறுகள்

இரு இந்துக்களுக்கிடையே உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடைபெறும் திருமணத்துக்கு இப்பிரிவு பொருந்தும். சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் அல்லது வேறு எப்பெயரால் அது அழைக்கப்பட்டாலும் வேறுபாடில்லை. பின்வரும் மூன்றில் ஏதேனும் ஒன்று நடைபெற்றால் போதுமானது:

- இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவர் மற்றவரைக் கணவனாக அல்லது மனைவியாக ஏற்பதாக அறிவித்தல்
- ஒருவருக்கொருவர் மாலை அணிவித்தல் அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல்
- தாலி கட்டுதல்

இம்மூன்றும் அல்லது என்னும் சொல்லால் இணைக்கப்பட்டிருப்பது இப்பிரிவின் உயிர்நாடியாகும். முதலில் வரைவில் மற்றும் என்னும் பொருள்படும் சொல் இருந்ததாகவும், வரைவைப் பார்வையிட்ட பெரியார் அதனை அல்லது என மாற்றுமாறு கூறியதாகவும், அண்ணாதுரை அதனை ஏற்றதாகவும் திராவிடர் கழகத்தினரால் கூறப்படுகிறது. மற்றும் என்றே இருந்திருப்பின் தாலி கட்டாத திருமணம் செல்லாததாகியிருக்கும். தாலியைப் பெண்ணடிமையின் அடையாளமாகக் கருதி அதனை விலக்கியவர்களும், தாலியை விரும்பிப் புரோகிதரை மட்டும் விலக்கியவர்களும் இப்போதைய வடிவில் ஒருங்கே பயனடைகின்றனர்.

முந்தைய திருமணங்களுக்கு ஏற்பு

இனி நடைபெறும் திருமணங்களை மட்டும் ஏற்றிருந்தால், 1928 முதல் இம்முறையில் மணந்தோர் கைவிடப்பட்டிருப்பர். ஆகவே சட்டத்துக்கு முன் எக்காலத்தில் நடைபெற்ற சுயமரியாதைத் திருமணமும், அது நடைபெற்ற நாள் முதலே செல்லுபடியாகும் என இப்பிரிவு கூறுகிறது. அத்தம்பதியருக்குப் பிறந்த குழந்தைகளும் முறைப்படி பிறந்த குழந்தைகளாகவே கருதப்படுவர்.

இதற்கு விதிவிலக்குகளும் வகுக்கப்பட்டன. சட்டம் நடைமுறைக்கு வருமுன் வழக்கத்தின்படியோ சட்டத்தின்படியோ முறிக்கப்பட்டுவிட்ட திருமணம் மீண்டும் உயிர்பெறாது. அப்பெண் வேறொருவரைச் சட்டப்படி மணந்திருந்தாலும் பழைய திருமணம் செல்லுபடியாகாது. புதிய சட்டத்தால் எந்தப் பெண்ணும் தம் இரண்டாம் மணவாழ்வை இழந்துவிடாதிருக்க இது வகை செய்தது. அந்நேர்வுகளிலும் முறிவுக்கு அல்லது மறுமணத்துக்கு முன் கருவுற்ற குழந்தைகளின் நிலை பாதுகாக்கப்பட்டது.

இச்சட்டத்தின் எல்லைகள்

இச்சட்டம் சமயச் சடங்குடன் நடைபெறும் திருமணத்தைத் தடை செய்யவில்லை. அதனோடு மற்றொரு முறையையும் ஏற்றது. மண வயது, முந்தைய துணை உயிருடன் இல்லாமை, தடுக்கப்பட்ட உறவுமுறை முதலிய பொது நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும். இந்து திருமணச் சட்டத்தின் பகுதி என்பதால் இது இரு இந்துக்களுக்கிடையே மட்டுமே செல்லும். அச்சட்டத்தில் இந்து என்னும் சொல் பௌத்தர், சமணர், சீக்கியரையும் உள்ளடக்கும். இந்து ஒருவர் கிறித்தவரையோ இசுலாமியரையோ இம்முறையில் மணந்தால் அதற்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தையே நாட வேண்டும். சடங்கை மறுக்கும் திருமணம் ஒரு சமயத்தவருக்கான சட்டத்தின் வழியாகவே ஏற்புப் பெற்றது என்பது இதன் உள்முரணாகும்.

இந்தியாவில் இதற்கு முன்னரும் சில திருமண முறைகளுக்குத் தனி ஏற்பு வழங்கப்பட்டிருந்தது. சீக்கியரின் ஆனந்த் திருமணத்தை ஏற்கும் சட்டம் 1909 ஆம் ஆண்டிலும், ஆரிய சமாஜத்தினரின் திருமணங்களை ஏற்கும் சட்டம் 1937 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. அவை சமய அமைப்புகளைச் சார்ந்தவை. சமயச் சார்பற்ற ஓர் இயக்கத்தின் திருமண முறையை ஏற்றது என்ற வகையில் 7-ஏ பிரிவு அவற்றிலிருந்து வேறுபடுகிறது.

பிற ஆட்சி நடவடிக்கைகள்

மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றக் கோரும் தீர்மானம் 1967 சூலை 18 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது; பெயர் மாற்றம் 1969 சனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. 1968 சனவரி தொடக்கத்தில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அதே மாதத்தில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே என்னும் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்வு இவரது ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்தது. இதற்காக இவ்வரசு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

மறைவு

1968 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அண்ணாதுரைக்குச் சப் ஆய்வுநல்கைச் சிறப்பை வழங்கியது. அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. புற்றுநோய் கண்டதால் 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். நாடு திரும்பிப் பணிகளைத் தொடர்ந்தபோதும் நோய் முற்றியது. 1969 பெப்ரவரி 3 அன்று சென்னையில் காலமானார். பெருந்திரளான மக்கள் இறுதி ஊர்வலத்தில் பங்கேற்றனர். உடல் சென்னை மெரினா கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடம் அண்ணா சதுக்கம் என அழைக்கப்படுகிறது. திருமணச் சட்டம் அரசிதழில் வெளியாகி ஓராண்டும் சில நாட்களுமே அப்போது கடந்திருந்தன.

சட்டத்தின் பிற்கால வரலாறு

7-ஏ பிரிவு பின்னர் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. 2001 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தமிழகத்தைச் சேர்ந்த இருதார மண வழக்கு ஒன்றில் இப்பிரிவை ஆராய்ந்தது. மனைவி உயிருடன் இருக்கையில் வேறொரு பெண்ணை மணந்தவர், இரண்டாம் திருமணத்தில் சப்தபதி நடைபெறவில்லை. ஆகவே அது திருமணமே அன்று எனத் தப்ப முயன்றார். தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவின்படி தாலி கட்டுதலே போதுமானது என்பதால் அத்திருமணம் செல்லும்; ஆகவே குற்றமும் நிலைக்கும் என நீதிமன்றம் கூறியது. சடங்கின்மையைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.

வழக்கறிஞர் அலுவலகங்களில் கமுக்கமாக நடைபெறும் திருமணங்கள் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இக்கருத்தை ஏற்க மறுத்தது. 7-ஏ பிரிவு பொது அறிவிப்பைக் கோரவில்லை என்றும், குடும்ப எதிர்ப்புக்கு ஆளாகும் இணையரிடம் அதனை வற்புறுத்துவது அவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் அது கருதியது. வழக்கறிஞர்கள் தொழில்முறையில் அன்றி நண்பராகவோ உறவினராகவோ இத்திருமணத்தில் முன்னிலை வகிக்கலாம் எனவும் தெளிவுபடுத்தியது.

இந்தியாவின் பிற பகுதிகளில் 7 ஆம் பிரிவே பொருந்துகிறது. உரிய சடங்குகள் நடைபெறாத நிலையில் பதிவுச் சான்றிதழ் மட்டுமே இந்து திருமணத்தை உண்டாக்காது என 2024 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. ஒரே சட்டத்தின் கீழ் மணக்கும் இணையரின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதை இத்தீர்ப்புகள் காட்டுகின்றன.

மதிப்பீடு

சுயமரியாதைத் திருமண முறையை உருவாக்கியவர் அண்ணாதுரை அல்லர். அதனைப் பெரியாரும் அவரது இயக்கத்தினரும் உருவாக்கினர். சட்டப் பாதுகாப்பு இல்லை என அறிந்தும் மணந்துகொண்ட ஆண்களும் பெண்களும் அதனை நிலைநிறுத்தினர். சட்டமன்றம் செல்வதைப் பெரியார் தவிர்த்தார். அண்ணாதுரை அதனை வழியாகத் தேர்ந்தார். இயக்கம் மேடையில் முன்வைத்த கோரிக்கை ஆட்சியின் வழியாகச் சட்டமானதற்கு இத்திருத்தம் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் ஐயத்துக்குரியவையாக இருந்த திருமணங்கள் அதன்பின் நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கத்தக்கவை ஆயின. அவற்றில் இணைந்த பெண்கள் சட்டப்படி மனைவியராகவும், பிறந்த குழந்தைகள் சட்டப்படி வாரிசுகளாகவும் ஏற்கப்பட்டனர்.